நாற்பத்து மூன்று தட்டுகள்

மனிதக் கலத்துக்குள் எது எந்த இடத்தில் இருக்கிறது என்று சரியாகப் பார்க்க வேண்டுமானால், பெரும்பாலும் அதை முதலில் கொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் கலம் என்று படித்தோம், ஆய்வுகூடத்தில் செல் என்கிறோம். நான் இங்கே கலம் என்றே எழுதுகிறேன். அந்தத் தாயிடம் நான் சொன்ன சொல் அதுதான்.

வேலை இப்படி நடக்கும். கண்ணாடி போன்ற சிறு தட்டின் அடியில் கலங்கள் ஒட்டிக்கொண்டு வளரும். அவற்றின் மேல் போமலின் ஊற்றிப் பதினைந்து நிமிடம் விட்டுவிட்டால், உள்ளே ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் ஓடின இடத்திலேயே நின்றுவிடும். பிறகு கழுவி, ஒளிரும் சாயங்களை ஏற்றி, இருட்டறையில் நுணுக்குக்காட்டியின் கீழ் வைப்பேன். கரு நீலமாகத் தெரியும். கலத்துக்குச் சக்தி செய்து கொடுக்கும் இழைமணிகள் சிவப்பாகத் தெரியும். உருவத்தைத் தாங்கி நிற்கும் நார்கள் பச்சை. உயிரோடு சாயம் ஏற்றும் முறைகளும் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் ஒரே கலத்தில், துல்லியமாக, ஒப்பிட்டுப் பார்க்கக் கூடியதாக வேண்டுமென்றால் போமலின்தான். நான் நாரந்தனையில் இருந்து தினமும் பஸ்ஸில் யாழ்ப்பாணம் நகரத்துக்குப் போய்ச் செய்யும் வேலை இது. நன்றாகச் செய்வேன். என் கை நடுங்குவதில்லை என்று எங்கள் ஆய்வுகூடத்தை நடத்தும் சேர் வெளியாட்களுக்குச் சொல்லிக் காட்டுவார்.

அந்தப் பொடியனுக்கு இருபத்தொரு வயது. நெடுந்தீவு. வீட்டில் மாடுகள் வைத்திருந்தார்கள். கண் இமைகள் தானாக விழுந்துவிடும். கை கால் சோர்ந்து, படி ஏற முடியாமல் போய், கடைசியில் இதயமும் சோரத் தொடங்கியிருந்தது. டொக்டர் அவருடைய கையில் இருந்து பயறு அளவு தோலை வெட்டி எடுத்தபோது, அதை வாங்குவதற்குக் குழாயோடு கட்டிலருகே நின்றவள் நான்.

"அக்கா, இந்தத் துண்டு எனக்குத் திரும்பி வராதோ?"

"வராது, தம்பி."

"அப்ப என்னெண்டு தெரியும் அது என்ரது எண்டு? நாங்கள் மாட்டுக்கே காதில நம்பர் குத்தித்தான் விடுறனாங்கள்."

குழாயில் நான் எழுதியிருந்த இலக்கத்தைக் காட்டினேன். சிரித்தார். சிரித்ததும் இமை இரண்டும் விழுந்தன. "நித்திரை இல்லை அக்கா, வருத்தம்" என்று கண் மூடியபடியே சொன்னார்.

சம்மதப் படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. ஒன்று, இந்த ஆய்வுக்குப் பயன்படுத்தலாம். இரண்டு, வேறு ஆய்வுகூடங்களோடு பகிரலாம். மூன்று, நான் இறந்த பின்னும் வைத்திருக்கலாம். அவர் மூன்றாவதில்தான் முதலில் அடையாளம் போட்டார். "இதுதானே முதல் நடக்கப் போகுது" என்றார். பக்கத்தில் நின்ற நேர்சுக்குச் சிரிப்பு வந்துவிட்டது; மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

"உள்ளுக்கு எப்பிடி இருக்குமெண்டு எனக்கும் காட்டுவீங்களோ?"

"படம் எடுத்த உடனே கொண்டு வந்து காட்டுறன்."

என் நோட்டில் அதைப் பட்டியலில் சேர்த்தேன். ஏழாவது வேலை. ஒன்று முதல் ஆறு வரை வெட்டிவிட்ட நிலையில் அவர் இறந்துபோனார். படம் இரண்டு கிழமைக்கு முன்னரே தயாராகத்தான் இருந்தது. வார்ட் எங்கள் கட்டடத்தில் இருந்து நடந்து போகும் தூரம். ஆறாவது முடியாமல் ஏழாவதுக்குப் போவது எனக்குப் பழக்கம் இல்லை.

படத்தில் தெரிந்தது இதுதான். சுகமான ஆட்களின் கலத்தில் இழைமணிகள் நீண்ட நூல்களாகக் கரையோரம் வரை பரவிக் கிடக்கும். இவருடையதில் அவை உடைந்து, துண்டு துண்டாகி, கருவைச் சுற்றி ஒதுங்கியிருந்தன. கலத்தின் ஓரங்கள் வெறுமையாக இருந்தன. சேருக்கு நல்ல சந்தோசம்.

"இனித் தாயின்ரதும் வேணும்" என்றார். இழைமணிகள் பிள்ளைக்குத் தாயிடம் இருந்து மட்டுமே வருகின்றன. நாங்கள் சந்தேகித்த வகை நோய் என்றால் தாயின் கலத்திலும் அதன் சாயல் தெரியலாம். "எப்ப போறீர்?"

நான் விரல் விட்டு எண்ணினேன். செவ்வாய் போனால் வீட்டில் சமையல் ஆயத்தம், யாரும் இருந்து கதைக்க மாட்டார்கள். வியாழனுக்குப் பிறகு ஆண்கள் மாடு பார்க்கப் போய்விடுவார்கள். புதன்கிழமைதான் எட்டாம் நாள். எட்டுச் செலவு. இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கும் அன்று முழுக் குடும்பமும் வீட்டில் இருக்கும், படி ஏறி வந்த யாரையும் திருப்பி அனுப்பவும் மாட்டார்கள். நானும் தீவுக்காரி. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் புதன்கிழமையைத் தெரிவு செய்தேன்.

பையில் கொண்டுபோனவை: படிவம் இரண்டு பிரதி, நீலப் பேனை இரண்டு, கையெழுத்து வைக்கத் தெரியாவிட்டால் விரலுக்கு மைப்பெட்டி, தண்ணீர்ப் போத்தல், கடல் அடித்தால் வாந்தி எடுக்க ஒரு பை. வேலணைக்கு வந்து பஸ் மாறி, குறிகட்டுவான் துறையில் முதல் வள்ளத்தைப் பிடித்தேன். வாந்தி வரவில்லை. பை மிச்சம்.

வீட்டு முற்றத்தில் தகரப் பந்தல் இன்னும் கழற்றப்படவில்லை. உள்ளே அவருடைய படத்துக்கு முன்னால் வாழையிலையில் புட்டு, பொரித்த மீன், ஒரு போத்தல் சோடா. மாலை போட்ட படத்தில் இமைகள் விழுவதற்கு முந்திய கண்கள். தாய் பாயில் இருந்தார். தகப்பன் எனக்கு ஒரு கதிரை எடுத்துப் போட்டார். தகப்பனின் அக்கா குசினிக்கும் விறாந்தைக்கும் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் கவனித்துக்கொண்டிருந்தார்.

"மகனோட கதைச்ச பிள்ளை எண்டு சொன்னீர். என்ன விசயமா வந்தனீர்?" என்று தகப்பன் கேட்டார்.

சொன்னேன். தாயின் தோல் ஏன் வேண்டும் என்று அமைதியாக, ஒழுங்காக, ஒன்று இரண்டு மூன்று என்று சொன்னேன்.

அக்கா குசினி வாசலில் இருந்து ஓரடி வெளியே வந்தார். "அப்ப இந்த வருத்தம் எங்கட பக்கத்தால இல்லை எண்டுறீர்."

"நாங்கள் நினைக்கிற வருத்தம் எண்டால், தகப்பன் பக்கத்தால வராது."

"வடிவாச் சொல்லும், இவவும் கேக்கட்டும்."

"தாயிட்டை இருந்துதான் வரும்."

"நான் அண்டைக்கே சொன்னனான்" என்று அவர் தாயின் பக்கம் திரும்பினார். "கேட்டியோ? எங்கட தம்பியின்ர இரத்தத்தில ஒரு பிழையும் இல்லை. உன்ர வயித்துக்குள்ள இருந்துதான் பிள்ளை அதைக் கொண்டு வந்தது."

"அக்கா, இண்டைக்கு வேண்டாம்" என்றார் தகப்பன். ஆனால் மெதுவாகத்தான் சொன்னார். அவருடைய தோள்கள் சற்று இறங்கியதை நான் பார்த்தேன். எட்டு நாளாக அவரும் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார். இப்போது அதை மனைவியின் மடியில் இறக்கி வைத்தாயிற்று.

தாய் என்னைப் பார்த்தார். "பிள்ளை, அவன்ர கையை வெட்டினீங்கள். பிள்ளையும் போயிட்டுது. இப்ப என்ர கையும் வேணுமோ? நான் தரமாட்டன். போயிட்டு வாரும்."

இவ்வளவு தூரம் வந்து வெறும் படிவத்தோடு திரும்புவதா என்பதுதான் அப்போது என் மனதில் ஓடியது. வேறொன்றும் இல்லை. அந்த நேரத்தில்தான் அதைச் சொன்னேன்.

"அம்மா, உங்கட மகன்ர கலங்கள் எங்களிட்டை இன்னும் உயிரோடதான் இருக்கு."

பொய் இல்லை. தோல் துண்டில் இருந்து வளர்ந்த கலங்கள், உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் பெட்டிக்குள், அவர் இறந்த நாளன்றும் அதற்கு மறுநாளும் பெருகிக்கொண்டுதான் இருந்தன. அவர் இறந்த செய்தி வந்த அன்று காலை நான்தான் அவற்றுக்குச் சாப்பாடு மாற்றினேன்.

"உயிரோட எண்டா?"

"சாப்பாடு குடுக்கிறம். வளருது. ஒண்டு ரெண்டாகுது."

"அசையுமோ?"

"அசையும்."

கையை நீட்டினார். பேனையைத்தான் கேட்கிறார் என்று விளங்க எனக்கு ஒரு கணம் எடுத்தது. இரண்டு பிரதியிலும் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார். மைப்பெட்டி தேவைப்படவில்லை. நான் படலையைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் எழும்பிப் போய் மகனின் படத்தில் இருந்த மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அக்கா ஏதோ கத்தினார். வள்ளத்துக்கு நேரமாகிவிட்டதால் நான் நிற்கவில்லை.

அடுத்த புதன், பதினைந்தாம் நாள், தாய் தனியாக நகரத்துக்கு வந்தார். டொக்டர் அவருடைய கையில் இருந்து தோல் எடுத்தார். கட்டுப் போட்டதும் தாய் எழும்பிவிட்டார். பிறகு என்னிடம், "எங்க?" என்றார்.

சாதாரண ஒளியில் கலங்களுக்கு நிறம் இல்லை. சாம்பல் நிறத்தில், இரண்டு முனையும் கூரான மெல்லிய நிழல்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு படமாக எடுத்து வைத்திருந்ததை வேகமாக ஓடவிட்டேன். நிழல்கள் நீண்டன, சுருங்கின, ஒன்றையொன்று உரசிக்கொண்டு போயின. ஒன்று உருண்டையாகி, நடுவில் ஒடுங்கி, இரண்டாகப் பிரிந்தது.

"திருப்பிப் போடும்" என்றார்.

நான்கு தரம் போட்டேன். ஐந்தாவது தரம் அவர் திரையைத் தொடப் போனார். தொட வேண்டாம் என்றேன், விரல் அடையாளம் படும்.

"என்ன சாப்பாடு குடுக்கிறனீர்?"

இளஞ்சிவப்பு நீர்ப் போத்தலைக் காட்டினேன். உப்பு, சீனிச்சத்து, விற்றமின். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். நான் பட்டியலை அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"பிறகு, கன்றுக்குட்டியின்ர இரத்தத்தில இருந்து எடுக்கிற தெளிஞ்ச தண்ணி."

தலையாட்டல் நின்றது. "எங்கட வீட்டில மாடு திங்கிறேல்லை, பிள்ளை. அவன் கன்று செத்தால் ரெண்டு நாள் சோறு தின்னமாட்டான்."

"அது இல்லாமல் வளராது அம்மா."

"பால் குடுக்க ஏலாதோ?"

"ஏலாது."

அது பிறக்காத கன்றின் இரத்தம் என்பதை மட்டும் சொல்லவில்லை. அன்று என்னிடம் இருந்த இரக்கம் அவ்வளவுதான்.

இருபத்திரண்டாம் நாளும் வந்தார். தோல் எடுத்த காயம் பார்க்க என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார். கடதாசியில் சுற்றிய ஒரு போத்தல் பாலைக் கையில் தந்தார். "உள்ளுக்கு விட வேண்டாம். விளங்குது. பக்கத்தில வைச்சாப் போதும், மணமாவது படும்." பெட்டிக்குள் வெளிப்பொருள் வைப்பது தடை. நான் வாங்கிக்கொண்டேன். அவர் வள்ளத்துக்குப் போன பிறகு அந்தப் பாலில் நாங்கள் எல்லோரும் தேத்தண்ணி போட்டுக் குடித்தோம். நல்ல தடிப்பான பால்.

இருபத்தாறாம் நாள் தகப்பன் தொலைபேசியில் எடுத்தார். படிவத்தின் கீழே என் இலக்கம் இருந்தது.

"பிள்ளை, வாற வெள்ளி முப்பத்தொண்டு. அந்தியேட்டி. கீரிமலைக்குப் போக வாகனமும் சொல்லியாச்சு. இவ ஐயரிட்டைப் போய், உயிரோட இருக்கிற பிள்ளைக்கு அந்தியேட்டி செய்யேலாது, வராதேங்கோ எண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கிறா."

முப்பத்தோராம் நாள் கிரியை அது; சாம்பலைக் கடலில் கரைத்தால்தான் இறந்தவர் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு.

"சாம்பல் முட்டி பூவரசில கட்டினபடி கிடக்கு. செய்யாட்டில் வீட்டுத் துடக்குக் கழியாது, நாங்கள் கோயில் வாசல் மிதிக்கேலாது. அது போகட்டும். பொடியன் அந்தரத்தில நிக்கிறான், பிள்ளை. அதுதான் எனக்கு. நீர் வந்து சொன்ன கதைதானே. நீரே அவவுக்கு இல்லை எண்டு சொல்லும்."

"ஐயா, உயிரோட இல்லை எண்டு நான் சொன்னால் அது பொய்."

"பொய்தான் சொல்லுமன்!"

பின்னால் இழுபறி கேட்டது. அக்கா வாங்கிவிட்டார். "பிள்ளை, உம்மட வீட்டில செத்தவையை என்ன செய்யிறனீங்கள்? போத்தலுக்குள்ள போட்டு வைக்கிறனீங்களோ? நாங்கள் மாடு மேய்க்கிற சனம் எண்டு நினைச்சு விளையாடுறீரோ?"

"நான் விளையாடேல்லை."

"அப்ப முடிச்சுவிடும்."

வைத்துவிட்டார். சேரிடம் சொன்னேன். அவருக்கு அந்தியேட்டியில் அக்கறை இல்லை. தாய் கலம் வளர்க்கும் அறைக்குள் வந்து போவதுதான் அவருக்குப் பிரச்சினை. "தாய்க்கு இரங்கிறது வேற, தாயை உள்ளுக்கு விடுறது வேற. ஒரு பூஞ்சணம் பிடிச்சால் மூண்டு மாச வேலை போச்சு. வடிவான நிறப்படம் ஒண்டைக் காட்டி, நன்றி சொல்லி அனுப்பும். இனி வர வேண்டாம்."

இருபத்தொன்பதாம் நாள். கடைசிப் புதன். அவர் வருவதற்குள் அன்றைய வேலையை முடித்துவிட வேண்டும் என்று காலையிலேயே தட்டுகளை எடுத்துப் போமலின் ஊற்றினேன். அவர் முந்திய பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார். நான் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவரை இருட்டறைக்குள் கூட்டிப்போய், திரையில் படத்தைத் திறந்தேன்.

இப்படிப் பெரிதாக, நிறத்தோடு அவர் பார்த்ததில்லை. வாயைப் பொத்திக்கொண்டார். "இவ்வளவு வடிவோ?"

எது எது என்று சொன்னேன். நீலம் கரு. சிவப்பு இழைமணிகள், அவருக்கு என்னால் வந்த வசை. பச்சை நார்கள். கருவோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும் சிவப்பை அவர் கண் எடுக்காமல் பார்த்தார். "பயந்த பிள்ளையள் மாதிரி ஒரு மூலைக்குள்ள நிக்குதுகள்" என்றார். அதன் பிறகு: "ஏன் இது ஆடேல்லை?"

"இது நிப்பாட்டினது."

"திருப்பி ஓட விடும்."

"ஓடாது அம்மா."

அவர் என் கையைப் பிடித்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். மோந்தார். "இந்த மணம் எனக்குத் தெரியும். வள்ளத்தில பெட்டிக்கு மேல சாய்ஞ்சுகொண்டு வந்தனான். அவன்ர உடம்பில இந்த மணம்தான் இருந்தது. இஞ்ச ஏன் இது?"

நெடுந்தீவுக்குக் கொண்டுபோகும் உடலைக் கெடாமல் வைப்பதும் போமலின்தான். நான் விளக்கினேன். உள்ளே இருப்பதை இருந்தபடியே பார்க்க வேண்டுமென்றால் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் அது இறந்துவிடும், படம் எடுப்பது இறந்ததைத்தான் என்று. எளிமையாக, ஒழுங்காகச் சொன்னேன்.

"நான் வந்த நாளெல்லாம்?"

"நீங்கள் பாத்தது உயிரோட இருந்தது. நிறப்படத்துக்கு எடுத்தது வேற தட்டு."

"எத்தினை தரம் செய்தனீர்?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒன்றிரண்டு என்று சொல்லியிருக்கலாம். நான் நோட்டை எடுத்துப் பக்கத்தைப் புரட்டி, விரலால் வரிசையை எண்ணினேன். காலையில் செய்ததையும் சேர்த்துக்கொண்டேன்.

"நாற்பத்து மூண்டு."

அந்த எண் அவரை என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தகப்பனுடைய குரல் காதில் இருந்தது, சேருடைய குரலும் இருந்தது. இருவரும் கேட்டதை நான் ஒரு பொய்யும் சொல்லாமல் செய்து முடித்தேன். அதற்காக அப்போது உள்ளூர ஒரு திருப்திகூட இருந்தது என்பதை மறைத்து எழுத விருப்பமில்லை.

அவர் அழவில்லை. இருட்டில் திரையின் வெளிச்சம் முகத்தில் பட, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கொள்ளி வைச்சது ஒருக்கால்தான்" என்றார். "நீர் நாற்பத்து மூண்டு தரம். சாப்பாடும் குடுத்து, வளர்த்து, வளர்த்து." பிறகு: "உம்மட அம்மா இருக்கிறாவோ?"

"ஓம்."

"நல்லா இருக்கட்டும்." எழுந்தார். "மிச்சம் எங்க?"

"பெட்டிக்குள்ள ஒரு குடுவை இருக்கு."

"அதை முடிச்சுவிடும். இண்டைக்கே. நான் நிண்டு பாக்கிறன். வெள்ளிக்கிழமை அவனை முழுசா அனுப்போணும்."

அடுத்த அறைக்குப் போய்ச் சேரிடம் கேட்டேன். அவர் கணினியில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "அந்த ஒண்டைக் குடும். அவன்ர கலங்கள் இன்னும் ஆறு குழாய் திரவ நைதரசனுக்குள்ள உறைஞ்சு கிடக்குதுதானே. அதைச் சொல்லாதையும். பொடியன்தானே கையெழுத்து வைச்சது, தாய்க்கு இதில உரிமை இல்லை."

அது உண்மை. மூன்றாவது கட்டத்தில் அந்தப் பொடியன் தன் கையால் போட்ட அடையாளம் என் கோப்பில் இருந்தது. அவர் எப்படிச் சிரித்துக்கொண்டு அதைப் போட்டார் என்று தாய்க்குச் சொல்லியிருந்தால், ஒருவேளை அவரே வைத்திருக்கச் சொல்லியிருப்பார். ஒருவேளை சொல்லியிருக்க மாட்டார். நான் இரண்டுக்கும் இடம் வைக்கவில்லை. திரும்பிப் போய்க் குடுவையை எடுத்தேன்.

"நானே ஊத்துறன்" என்றார்.

கையுறை போட்டுவிட்டேன். பெரிதாக இருந்தது, விரல் நுனிகள் தொங்கின. பிளீச் போத்தலை இரண்டு கையாலும் பிடித்து ஊற்றினார். இளஞ்சிவப்பு நீர் மஞ்சளாகி, பிறகு நிறமே இல்லாமல் போயிற்று. நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கச் சொன்னார். வைத்தேன். கண்ணை வைத்துக் கடைசி வரை பார்த்தார்.

"சுருங்குதுகள்" என்றார். பிறகு, "இப்ப ஒண்டும் தெரியேல்லை. இனி இல்லைத்தானே?"

"இல்லை, அம்மா."

"இதைத் தாரும். சாம்பலோட சேர்த்துக் கடலில விட."

அதற்கென்று மஞ்சள் பை இருக்கிறது, எரிப்பதற்கு அனுப்ப வேண்டும், வெளியே கொடுக்கச் சட்டம் இல்லை என்றேன். வெறும் தண்ணீரும் பிளீச்சும்தான் அதற்குள் இருந்தன. கொடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் கெஞ்சவில்லை. கையுறையைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு, இரண்டரை மணி வள்ளம் என்று சொல்லிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் தகப்பன் எடுத்தார். "முடிஞ்சுது, பிள்ளை. கீரிமலையில நல்லாச் செய்தம். இவவும் வந்தவ. நீர் என்ன சொன்னனீரோ தெரியாது, ஒரு கதையும் கதைக்காமல் வந்தவ." நன்றி சொன்னார். நான் அதை ஏற்றுக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்துத் தாயின் கலங்கள் போதிய அளவு வளர்ந்துவிட்டன. பக்கத்தில் வைத்து ஒப்பிட மகனுடையது வேண்டும். நைதரசன் தொட்டியில் இருந்து ஒரு குழாயை எடுத்துச் சூடாக்கினேன். மறுநாளே தட்டின் அடியில் பிடித்துக்கொண்டன. நல்ல கலங்கள், சுணங்கவில்லை. இளஞ்சிவப்பு நீர் ஊற்றினேன். கிழமை முடிவில் இருவருடையதும் ஒரே அளவுக்கு வந்ததும், ஆளுக்கு ஒரு தட்டாக எடுத்து, அருகருகே வைத்துப் போமலின் ஊற்றி, மணியைப் பதினைந்து நிமிடத்துக்குத் திருப்பி வைத்தேன்.

நான்காவது நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. தாய்.

"பிள்ளை, சுகமோ?"

"ஓம் அம்மா. நீங்கள்?"

"இருக்கிறன். மச்சாள் இப்ப எல்லாருக்கும் என்ர வயித்துக் கதையைத்தான் சொல்லித் திரியிறா. துறையில வள்ளத்துக்கு நிக்கேக்கையும் சொன்னவவாம். படிச்ச பிள்ளை வந்து சொன்னது எண்டு." குறையாகச் சொல்லவில்லை. மாட்டுக்கு வைக்கோல் முடிந்துவிட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னார். "அது சரியோ, பிள்ளை? என்னாலதானோ?"

"இன்னும் படம் எடுக்கேல்லை அம்மா."

"எடுத்தாச் சொல்லும். சொல்லாட்டிலும் பரவாயில்லை." பிறகு, "அவன்ரது ஒண்டும் மிச்சம் இல்லைத்தானே?"

தட்டுகள் இரண்டும் என் முன்னால் இருந்தன. இடது மகன், வலது தாய். மூடியில் இலக்கம் மட்டும்.

"இல்லை, அம்மா."

"என்ரது?"

"இருக்கு."

"உயிரோடயோ?"

"ஓம்." வலது தட்டைத் தவிர அவருடைய மற்றத் தட்டுகளெல்லாம் உயிரோடுதான் இருந்தன.

பின்னால் ஒரு மாடு கத்திற்று.

"நான் செத்துப் போனாப் பிறகு, என்ரது உயிரோட இருக்கெண்டு மனுசனுக்குச் சொல்லிப்போடாதையும், பிள்ளை. அந்தாளுக்கு ஏலாது. ஒருத்தருக்கும் சொல்லாதையும். கேட்டால், எல்லாம் முடிஞ்சுது எண்டு சொல்லும்."

"சொல்லுறன்."

"உமக்கு அது தெரியும்தானே, எப்பிடிச் சொல்லுறது எண்டு" என்றார்.

வைத்துவிட்டார். அதில் அவருக்குத் தெரிந்தது எவ்வளவு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மணி அடித்தது. போமலினை வழித்தெடுத்து, இரண்டு தட்டுகளையும் மூன்று மூன்று தரம் கழுவினேன். பிறகு நோட்டைத் திறந்து, தாயின் பக்கத்தில் ஒன்று என்றும், மகனின் பக்கத்தில் நாற்பத்து நான்கு என்றும் எழுதினேன்.